பள்ளி ஆய்வகத்துக்கு 85 செ.மீ. டார்சோ: செரிமானத்துக்கு நல்லது, ஹார்மோனுக்குப் பாதிதான்

உயிரியல் ஆய்வகத்துக்கு டார்சோ, அதாவது உறுப்புகளைக் கழற்றி மாட்டக்கூடிய மனித உடல் மாதிரி, வாங்கப் போகிறவர்கள் கடையில் மூன்று கேள்விதான் கேட்கிறார்கள்: என்ன உயரம், எத்தனை பாகம், என்ன விலை. இவற்றுக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு இருக்கின்றன. கணையமும் முன்சிறுகுடலும் சேர்ந்த துண்டு தனியாகக் கழன்று வருமா? கல்லீரலுக்கு அடியில் தொடங்கும் பித்தநாளம் எங்கே போய் முடிகிறது? உள்ளங்கை அளவுள்ள அந்த ஒரு துண்டில்தான் செரிமான மண்டலமும் நாளமில்லாச் சுரப்பி மண்டலமும் சந்திக்கின்றன. அது ஒழுங்காக வடிக்கப்பட்டிருந்தால் மற்ற குறைகளை ஆசிரியரே சரிக்கட்டிவிடலாம். அது மொண்ணையாக இருந்தால் மற்றதெல்லாம் எவ்வளவு பளபளப்பாக இருந்தும் பாடம் நடத்த உதவாது.

இங்கே பார்ப்பது லேப் சாமான் கடைகளில் பரவலாகக் கிடைக்கும் வகை. 85 செ.மீ. உயரம், பி.வி.சி. உடல், ஒரு பக்கம் திறந்த தலை, மாற்றிப் பொருத்தும் ஆண், பெண் இனப்பெருக்கத் தொகுதிகள், கழற்றக்கூடிய 20க்கும் மேற்பட்ட பாகங்கள். அரியானாவின் அம்பாலாவிலிருந்து வருவதும் உண்டு, சீனாவிலிருந்து இறக்குமதியாவதும் உண்டு. பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் பெயர் கடைக்குக் கடை மாறுகிறது. ஆகவே பெயரை நம்பாமல், பெட்டியைப் பிரித்து, பாகங்களைக் கையில் எடுத்துப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

முதலில் கழற்றும் வரிசை. மார்பையும் வயிற்றையும் மூடும் முன்தகடு, பிறகு நுரையீரல்கள், இதயம், கல்லீரல், இரைப்பை, குடல் தொகுதி, அதன் பின்னால் கணையத் துண்டு, கடைசியில் சிறுநீரகத்தின் முன்பாதி. பொருத்தும்போது இதையே தலைகீழாகச் செய்ய வேண்டும். டார்சோக்களில் முதலில் உடைவது கல்லீரலின் பின்பக்க முளை. நுரையீரலை எடுக்காமலே கல்லீரலை நெம்புவதுதான் காரணம். முளை எந்தத் திசையில் செருகியிருக்கிறதோ அந்தத் திசையிலேயே இழுக்க வேண்டும். பக்கவாட்டில் அசைத்தால் அடியோடு முறியும். காந்தம் வைத்துப் பொருத்தும் மாதிரிகளில் இந்தத் தொல்லை குறைவு, ஆனால் கனமான கல்லீரலைக் காந்தம் தாங்குகிறதா என்று டார்சோவைச் சற்றே முன்பக்கம் சாய்த்துப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இன்னொன்றை வகுப்பின் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். மாதிரியின் வலப்பக்கம் பார்ப்பவரின் இடப்பக்கம். இதைச் சொல்லாமல் விட்டால் மாணவர்கள் தேர்வில் கல்லீரலை இடது பக்கமும் குடல்வாலை இடது அடிவயிற்றிலும் எழுதி வைப்பார்கள். டார்சோவின் வலது தோளில் 'வலது' என்று ஒரு ஸ்டிக்கர் ஒட்டிவைத்தால் போதும்.

செரிமான மண்டலத்தில் மேலிருந்து வருவோம். உணவுக்குழல் மனிதனில் ஏறத்தாழ 25 செ.மீ. நீளம், மூச்சுக்குழலுக்குப் பின்னால் இறங்கி, உதரவிதானத்தைத் துளைத்துக்கொண்டு இரைப்பையில் சேர்கிறது. இந்த வகை டார்சோக்களில் உதரவிதானம் தெளிவாகத் தெரிகிறது, துளையும் சரியான இடத்தில் இருக்கிறது. நெஞ்செரிச்சலை விளக்க இது நல்ல இடம். அங்கிருக்கும் சுருக்குத்தசை தளர்ந்தால் அமிலம் மேலேறுகிறது. இரைப்பையின் உட்சுவரைப் போல உணவுக்குழலுக்குக் கோழைப் பாதுகாப்பு இல்லை, அதனால் எரிகிறது.

இரைப்பை இரண்டு பாதியாகத் திறக்கிறது. உள்மடிப்புகள் நன்றாகவே வடிக்கப்பட்டிருக்கின்றன. பார்க்க வேண்டியது கீழ்முனையை: பைலோரஸ் சுருக்குத்தசை தடித்த வளையமாகத் தெரிய வேண்டும். மலிவான அச்சுகளில் அந்த இடம் வெறும் குழாயாக ஓடிவிடுகிறது. அந்த வளையம் இல்லையென்றால், இரைப்பை உணவை மொத்தமாகக் கொட்டாமல் சிறிது சிறிதாக விடுகிறது என்பதையும், கொழுப்பு மிகுந்த சாப்பாடு ஏன் நெடுநேரம் வயிற்றிலேயே நிற்கிறது என்பதையும் காட்ட வழியில்லை.

குடல் தொகுதிதான் இந்த மாதிரிகளின் பலவீனம். சிறுகுடல் முழுவதும் ஒரே கட்டியாக வார்க்கப்பட்டிருக்கிறது. எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று விரலால் தொடர்ந்து போக முடியாது. இடைச்சிறுகுடல் எது, பின்சிறுகுடல் எது என்றும் பிரித்துச் சொல்ல முடியாது. இதற்கு ஒரு பருத்திக் கயிறு போதும். ஆறு மீட்டர் கயிற்றில் முதல் 25 செ.மீ.யில் ஒரு முடிச்சு, அதுவரை முன்சிறுகுடல். அதிலிருந்து ஏறத்தாழ 2.5 மீட்டரில் அடுத்த முடிச்சு, அதுவரை இடைச்சிறுகுடல். மீதி பின்சிறுகுடல். அதன் முனையில் தடிமனான வேறு நிறக் கயிறு 1.5 மீட்டர் கட்டினால் பெருங்குடல். வகுப்பறையின் ஒரு சுவரிலிருந்து எதிர்ச் சுவர் வரை மாணவர்களைப் பிடித்து நிற்கச் சொன்னால் நீளம் புரிந்துவிடும். உயிருள்ள உடலில் குடல் தசை எப்போதும் ஓரளவு சுருங்கியே இருப்பதால் உண்மை நீளம் இதைவிடக் குறைவு என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

கையேடுகளில் ஒரு பழைய கணக்கு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது: சிறுகுடலின் உட்பரப்பு ஒரு டென்னிஸ் மைதானம் அளவு என்று. 2014இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் அளந்து, மொத்த செரிமானப் பாதையின் உட்பரப்பு ஏறத்தாழ 32 சதுர மீட்டர்தான் என்று காட்டினார்கள். கையேட்டில் அந்த வரியை அடித்துவிட்டு இந்த எண்ணை எழுதி வைக்கலாம். பாடத்துக்கு ஒரு நட்டமும் இல்லை. குடலின் உட்சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் குடலுறிஞ்சிகளும் அவற்றின் மேலுள்ள நுண்விரல்களும் இல்லாவிட்டால் இந்த 32கூடக் கிடைத்திருக்காது.

பெருங்குடல் பரவாயில்லை. பெருங்குடல் வாயின் முன்சுவர் சிறு கதவாகத் திறந்து, பின்சிறுகுடல் வந்து சேரும் வால்வும் குடல்வாலின் துளையும் தெரிகின்றனவா என்று பார்க்க வேண்டும். இந்தக் கதவு இல்லாத மாதிரியை வாங்க வேண்டாம். குறுக்குக் குடல் முன்சிறுகுடலுக்கு முன்னால் ஓட வேண்டும். பின்னால் ஓடினால் அச்சு தவறு.

நீர்க் கணக்கை டார்சோவால் காட்ட முடியாது. ஒரு நாளில் சிறுகுடலுக்கு வந்து சேரும் நீர்மம் ஏறத்தாழ 9 லிட்டர். அதில் நாம் குடிப்பதும் உண்பதும் 2 லிட்டர் அளவுதான். மீதி ஏழும் உமிழ்நீர், இரைப்பைநீர், பித்தநீர், கணையநீர், குடல்நீர் என்று உடலே சுரப்பது. மலத்தில் போவது 100 முதல் 200 மி.லி. வரை. ஒரு லிட்டர் பாட்டில்கள் ஒன்பதை டார்சோவின் முன்னால் வரிசையாக வைத்தால், வயிற்றுப்போக்கு ஒரு குழந்தையை ஏன் ஒரே நாளில் சாய்த்துவிடுகிறது என்பதை யாரும் மனப்பாடம் செய்ய வேண்டியிராது.

இனி அந்த முக்கியமான துண்டு. கல்லீரலையும் கணையத் துண்டையும் வெளியே எடுத்து இரண்டு கையிலும் பிடித்துக்கொள்ளுங்கள். கல்லீரலைத் திருப்பினால் அடியில் பச்சை நிறப் பித்தப்பை. அதற்கருகே மூன்று குழாய்கள் தெரிய வேண்டும்: சிவப்பில் கல்லீரல் தமனி, நீலத்தில் போர்ட்டல் சிரை (குடலிலிருந்தும் கணையத்திலிருந்தும் வரும் இரத்தத்தைக் கல்லீரலுக்குக் கொண்டுபோவது), பச்சையில் பித்தநாளம். மலிவான மாதிரியில் பச்சை மட்டும் இருக்கும், அதுவும் இரண்டு செ.மீ. ஓடி அறுந்து நிற்கும். மறு கையில் இருக்கும் துண்டில், ஆங்கில 'சி' எழுத்தைப் போல வளைந்த முன்சிறுகுடலின் வளைவுக்குள் கணையத்தின் தலை பொருந்தி, வால் இடப்பக்கம் மண்ணீரலைத் தொட வேண்டும். கணையத்தின் முன்பக்கம் கொஞ்சம் செதுக்கப்பட்டு, நடுவே ஓடும் கணையநாளம் தெரிந்தால் அது நல்ல அச்சு. கடைசியாக முன்சிறுகுடலின் உட்சுவரைப் பாருங்கள். பைலோரஸிலிருந்து 8 முதல் 10 செ.மீ. கீழே ஒரு சிறு மேடு, அதில் ஒரு துளை. பித்தநாளமும் கணையநாளமும் சேர்ந்து திறக்கும் வாய் அதுதான்; அதைச் சுற்றி இருப்பது 'ஓடி' (Oddi) என்று பெயர் பெற்ற சுருக்குத்தசை.

துளை உண்மையிலேயே துளையாக இருக்கிறதா, கறுப்புப் பெயிண்ட் புள்ளியா என்பதைக் குண்டூசியால் தொட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். புள்ளியாக இருந்தாலும் வாங்கலாம், நாளங்கள் இரண்டும் அந்தப் புள்ளியை நோக்கி வந்தால். பித்தநாளம் கல்லீரலோடே நின்றுவிட்டால் பச்சை உறை போட்ட மின்கம்பித் துண்டு ஒன்றை வளைத்து, முன்சிறுகுடலின் மேற்பகுதிக்குப் பின்னாலும் கணையத் தலைக்குப் பின்னாலும் கொண்டுபோய்ச் சேர்த்துவிடலாம். உடலிலும் பாதை அதுவே.

இவ்வளவு கறார் எதற்கென்றால், நோய்கள் கூடும் இடம் அது. பித்தப்பையில் உருவான கல் நழுவி வந்து பொதுவாயில் அடைத்துக்கொண்டால் பித்தநீர் பின்னுக்குத் தள்ளப்பட்டு இரத்தத்தில் கலக்கும்: கண் மஞ்சளாகும், சிறுநீர் கருக்கும், மலம் வெளுக்கும். கணையநீரும் தேங்கினால் நிலைமை இன்னும் மோசம். புரதத்தைச் செரிக்கும் நொதியான டிரிப்சினைக் கணையம் நேரடியாகச் சுரப்பதில்லை. டிரிப்சினோஜென் என்ற உறங்கு நிலையில் அனுப்புகிறது, முன்சிறுகுடலின் சுவரில் இருக்கும் என்டிரோகைனேஸ் என்ற நொதி அதை எழுப்புகிறது. கணையத்துக்குள்ளேயே அது விழித்துக்கொண்டால் கணையம் தன்னையே செரிக்கத் தொடங்கும். கடும் கணைய அழற்சி என்பது இதுதான். கம்பியும் கணையத் துண்டும் கையில் இருந்தால் இந்த முழுக் கதையையும் ஐந்து நிமிடத்தில் காட்டிவிடலாம்.

அதே துண்டில்தான் ஹார்மோன் பாடமும் தொடங்குகிறது. கணையத்தின் எடையில், ஹார்மோன் சுரக்கும் செல் கூட்டங்களான லாங்கர்ஹான் திட்டுகள் 1 முதல் 2 விழுக்காடுதான். 1869இல் ஜெர்மன் மருத்துவ மாணவர் பால் லாங்கர்ஹான்ஸ் அவற்றை நுண்ணோக்கியில் பார்த்து விவரித்தார். அவை எதற்கென்று அவருக்குத் தெரியாது. பீட்டா செல்கள் இன்சுலினையும் ஆல்ஃபா செல்கள் குளுக்ககானையும் சுரக்கின்றன. நாளம் வழியாகப் போகும் நொதி குடலுக்கு, நாளமின்றி இரத்தத்தில் இறங்கும் ஹார்மோன் உடலுக்கு. நீலப் போர்ட்டல் சிரை வடிக்கப்பட்டிருக்க வேண்டும் என்பதும் இதற்காகத்தான். கணையத்திலிருந்து புறப்படும் இன்சுலின் முதலில் போய்ச் சேரும் இடம் கல்லீரல், ஏறத்தாழ பாதி அங்கேயே எடுத்துக்கொள்ளப்படுகிறது. தோலடியில் ஊசியாகப் போடும் இன்சுலினுக்கு அந்த முதல் நிறுத்தம் இல்லை. நர்சிங் மாணவர்களுக்கு இது வெறும் தகவல் அல்ல.

டார்சோக்கள் எல்லாவற்றிலும் இருக்கும் பெரிய விடுபடல் ஒன்று உண்டு. செரிமானக் குழாயே ஒரு ஹார்மோன் சுரப்பி என்பதை எந்த மாதிரியும் காட்டுவதில்லை. முதன்முதலில் கண்டறியப்பட்ட ஹார்மோனே குடலிலிருந்து வந்ததுதான். 1902இல் லண்டனில் உடலியங்கியல் ஆய்வாளர்கள் பேலிஸ், ஸ்டார்லிங் இருவரும் ஒரு நாயின் சிறுகுடல் துண்டுக்கு வரும் நரம்புகளையெல்லாம் அறுத்துவிட்டு உள்ளே அமிலம் விட்டார்கள். நரம்பே இல்லாமல் கணையம் சுரந்தது. குடலின் உட்தோலை அமிலத்தில் அரைத்து வடித்து இரத்தத்தில் செலுத்தியபோதும் சுரந்தது. அந்தப் பொருள்தான் செக்ரிடின். 1905இல் 'ஹார்மோன்' என்ற சொல்லை ஸ்டார்லிங் உலகுக்குக் கொடுத்தார்.

இந்தக் குறையை வட்ட ஸ்டிக்கர்கள் தீர்க்கும். இரைப்பையின் மேல் குவிவில் ஒன்று: கிரெலின், பசியைக் கிளப்புவது. கீழ்ப்பகுதியில் ஒன்று: காஸ்ட்ரின், அமிலச் சுரப்பைக் கூட்டுவது. முன்சிறுகுடலில் இரண்டு: அமிலம் பட்டதும் கணையத்தைப் பைகார்பனேட் சுரக்கவைக்கும் செக்ரிடின், கொழுப்பும் புரதமும் வந்ததும் பித்தப்பையைச் சுருக்கி, 'ஓடி' சுருக்குத்தசையைத் தளர்த்தி, கணைய நொதிகளை வரவழைக்கும் கோலிசிஸ்டோகைனின். பின்சிறுகுடலிலும் பெருங்குடலிலும் ஒவ்வொன்று: ஜி.எல்.பி-1, இன்சுலின் சுரப்பைக் கூட்டுவது. இன்று எடை குறைப்புக்கும் சர்க்கரைக்கும் போடப்படும் செமாகுளூடைடு இதைப் போலச் செயல்படும் மருந்து. உடலின் சொந்த ஜி.எல்.பி-1 சுமார் இரண்டு நிமிடத்தில் பாதியாகிவிடும். மருந்து ஒரு வாரம் தாங்குவதால்தான் வாரத்துக்கு ஒரு ஊசி போதுமாகிறது. இரைப்பை காலியாவதை இது தாமதப்படுத்துவதால் தொடக்கத்தில் குமட்டல் வருகிறது. முன்பு பார்த்த பைலோரஸ் வளையத்தைக் காட்டியே இதையும் விளக்கலாம்.

மற்ற நாளமில்லாச் சுரப்பிகளில் இந்த டார்சோ பெறும் மதிப்பெண் குறைவுதான். பிட்யூட்டரி அரை கிராம் எடையுள்ள சுரப்பி. மூளைக்கு அடியில் ஸ்பீனாய்டு எலும்பின் குழியில் உட்கார்ந்திருக்கிறது. மூளையைத் தூக்கும்போது அது காம்போடு தெரிகிறதா என்று பாருங்கள். பல மாதிரிகளில் பெயருக்குக்கூடக் கிடையாது. மூளைக்குள் இருக்கும் பீனியல் சுரப்பி மூளையின் நிறத்திலேயே கரைந்துபோகிறது. தைராய்டு பெரும்பாலும் ஒரு விரற்கடை மேலே ஏறி, குரல்வளைக் குருத்தெலும்பின் மேல் ஒட்டப்பட்டிருக்கிறது. அதன் நடு இணைப்பு மூச்சுக்குழலின் இரண்டு முதல் நான்காம் வளையங்களின் முன்னால் இருக்க வேண்டும். பாராதைராய்டு நான்கும் அநேகமாக எந்த மாதிரியிலும் இல்லை. தைராய்டின் பின்பக்கத்தில் 5 மி.மீ. அளவில் மஞ்சள் கலந்த பழுப்புக் களிமண் உருண்டைகள் நான்கை ஒட்டிக்கொள்ளுங்கள். தைராய்டு அறுவையில் இவை சேர்ந்து போய்விட்டால் இரத்தத்தில் கால்சியம் இறங்கி, விரல்கள் மரத்து, கை இழுத்துக்கொள்ளும். அவ்வளவு சிறிய உறுப்பு, அவ்வளவு பெரிய பொறுப்பு.

மார்பெலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பி இல்லாததைக் குறையாகச் சொல்ல முடியாது. பருவ வயதுக்குப் பின் அது சுருங்கிக் கொழுப்பாகிவிடுகிறது, டார்சோ வளர்ந்தவரின் உடல். மாணவர்களிடம் அதைச் சொல்லிவிட்டால் போதும்.

சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியில் அச்சின் தரம் அம்பலமாகும். நல்ல மாதிரியில் வலது அட்ரினல் முக்கோணம், இடது பிறை; வலது சிறுநீரகம் கல்லீரலுக்கு இடம்விட்டுச் சற்றே கீழே இருக்கும். மலிவானதில் இரண்டு பக்கமும் ஒரே தொப்பி, ஒரே உயரம். புறணியும் அகணியும் பிரித்துக் காட்டப்பட்டிருப்பது அரிது. இரண்டு நிறக் களிமண்ணில் ஒரு குறுக்குவெட்டு செய்து பக்கத்தில் வைக்கலாம்: வெளியே கார்டிசோலும் ஆல்டோஸ்டீரோனும், உள்ளே அட்ரினலின்.

சுரப்பிகளுக்கு இடையிலான பின்னூட்டத்தைக் காட்ட நூல்தான் வழி. மூளையின் அடிப்பகுதியில் இருக்கும் ஹைப்போதலாமஸிலிருந்து பிட்யூட்டரிக்கும் அங்கிருந்து தைராய்டுக்கும் சிவப்பு நூல். தைராய்டிலிருந்து மேல்நோக்கி நீல நூல். தைராய்டு சோர்ந்தால் நீல நூலைக் கத்தரித்துவிடுங்கள். தடுப்பு போனதும் பிட்யூட்டரி, தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.ஹெச்.ஐ அள்ளி அனுப்பும். இரத்தப் பரிசோதனைத் தாளில் டி.எஸ்.ஹெச். கூடியிருக்கும்போது தைராய்டு குறைவு என்று மருத்துவர் ஏன் சொல்கிறார் என்ற குழப்பம் வீடுகளில் நிறைய. அது இங்கே தீரும்.

இனப்பெருக்க உறுப்புகள் இல்லாத டார்சோ விலை குறைவு. சங்கடம் வேண்டாம் என்று பல பள்ளிகள் அதையே எடுக்கின்றன. அது தவறான சிக்கனம். அண்டகமும் விந்தகமும் நாளமில்லாச் சுரப்பிகள். அவற்றை மறைத்துவிட்டு ஈஸ்ட்ரோஜன், டெஸ்டோஸ்டீரோன் என்று கரும்பலகையில் எழுதினால் பதின்பருவத்துப் பிள்ளைகளுக்குத் தங்கள் உடலைப் பற்றிய பாதித் தகவலைத்தான் கொடுக்கிறோம். இருபால் தொகுதியுள்ளதையே வாங்குங்கள். சுரப்பிகளைத் தனித்தனியே பெரிதாக்கி ஒட்டிய பலகை மாதிரியும் கடைகளில் உண்டு. அதில் வெட்டுமுகம் நன்றாகத் தெரியும், இருப்பிடம் தெரியாது. டார்சோவுக்குத் துணையாக வாங்கலாம், அதற்குப் பதிலாக வேண்டாம்.

பராமரிப்பில் இரண்டு எதிரிகள்: வெயிலும் தின்னரும். சன்னலோரம் வைத்தால் பி.வி.சி. இளகி முளைகள் கோணும், நிறம் வெளுக்கும். ஸ்பிரிட், தின்னர் எதுவும் தொடக்கூடாது, பெயிண்ட் துணியோடு வந்துவிடும். சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த மெல்லிய துணி போதும். ஸ்டிக்கர்களை ஆண்டு முடிவில் எடுத்துவிடுங்கள். வருடக்கணக்கில் விட்டால் பசை பெயிண்டைப் பிடித்துக்கொள்ளும்.

45 செ.மீ. மாதிரி விலை மிகவும் மலிவு. தனிப்பயிற்சி எடுப்பவர்களுக்கும் வீட்டுக்கும் அது போதும். நாற்பது பேர் உட்காரும் வகுப்பில் மூன்றாம் வரிசைக்கு மேல் கணையமே தெரியாது, அங்கே 85 செ.மீ.தான். கடைக்காரரிடம் தனி முளைகளும் எண்களுக்கான விளக்க அட்டையும் கேட்டு வாங்குங்கள். அட்டை பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் வரும். 11ஆம் வகுப்பு விலங்கியல் பாடநூலின் சொற்களை வைத்துத் தமிழில் ஒன்று தயாரித்து, லேமினேட் செய்து, டார்சோவின் அடித்தட்டில் கட்டித் தொங்கவிடலாம்.